ஒரு பள்ளமும் ஒரு ஜாமீன் கையெழுத்தும்

ஊருக்கு வெளியே பெரிய பள்ளம் ஒன்று சும்மா கிடந்தால் போதும், அதில் எதையாவது கொண்டுபோய்க் கொட்ட மனிதனுக்குக் கை அரிக்கும். அது கல் உடைத்து முடித்த குவாரி என்றால் இன்னும் வசதி. லாரி போக ரோடு ஏற்கனவே இருக்கும். பக்கத்தில் வீடுகள் அதிகம் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, "அடியில் பாறைதானே, எதுவும் கீழே இறங்காது" என்று ஒரு நம்பிக்கை இருக்கும்.

இந்த நம்பிக்கைக்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கும் ஸ்ட்ரிங்ஃபெலோ குவாரியின் கதையைப் படித்தால் போதும்.

ஆலைக் கழிவு, விஷம், மாசு என்றதும் மனசில் ஒரு சினிமா ஓடும். சுருட்டு பிடிக்கும் ஒரு முதலாளி, நடு ராத்திரி, நம்பர் பிளேட் இல்லாத லாரி, லஞ்சம் வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்துவிடும் காவலாளி... ஸ்ட்ரிங்ஃபெலோவில் அப்படி எதுவுமே நடக்கவில்லை. எல்லாம் பட்டப்பகலில், அரசாங்கத்தின் முழு ஆசியோடு நடந்தது. அதனால்தான் இந்தக் கதை முக்கியம். திருடனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. சட்டப்படி நடந்த தப்புக்கு யாரைப் பிடிப்பது?

"ஆபத்து இல்லை" என்ற அறிக்கை

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து கிழக்கே சுமார் 50 மைல் தூரத்தில் ரிவர்சைடு மாவட்டம். அங்கே ஜுருபா மலையடிவாரத்தில் பைரைட் கேன்யன் என்று ஒரு பள்ளத்தாக்கு. அதன் தலைப்பகுதியில் இருந்தது ஸ்ட்ரிங்ஃபெலோ குடும்பத்தின் கல் குவாரி. அங்கிருந்து கீழே சுமார் ஒரு மைல் இறங்கினால் க்ளென் ஏவன் என்ற சின்ன ஊர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தெற்கு கலிபோர்னியாவில் விமானத் தொழில், உலோகத் தொழில், ரசாயனத் தொழில் எல்லாம் கிடுகிடுவென்று வளர்ந்தன. அந்த ஆலைகளிலிருந்து வந்த அமிலக் கழிவை எங்கே கொட்டுவது என்பது பெரிய தலைவலி. 1955-ல் மாநில அரசின் புவியியல் நிபுணர் ஒருவர் இந்தக் குவாரியைப் பரிசோதித்து, கழிவு கொட்ட ஏற்ற இடம் என்று அறிக்கை கொடுத்தார். அடியில் நீர் ஊடுருவாத பாறை, மூன்று பக்கமும் மலை. பள்ளத்தாக்கு திறந்திருக்கும் பக்கத்தில் 250 அடி இடைவெளி. அதை ஒரு கான்கிரீட் தடுப்பணை கட்டி அடைத்துவிட்டால் மாசு அபாயம் இல்லை. இதுதான் அறிக்கையின் சாரம்.

அணை கட்டினார்கள். 1956-ல் கழிவு கொட்ட ஆரம்பித்தார்கள்.

அந்த அறிக்கையில் மூன்று தப்பு இருந்தது. ஒன்று, தரைக்கு 70 அடி கீழே ஒரு நிலத்தடி நீர்த்தேக்கம் இருந்ததை நிபுணர் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு, அடியில் இருந்த பாறை ஒரே கட்டியான பாறை அல்ல. விரிசல் விட்ட பாறை. மூன்று, தடுப்பணை தடுக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் இரண்டாவது தப்பு ரொம்ப விசித்திரமானது. குவாரி என்றால் என்ன? பாறையை வெடி வைத்து உடைத்த இடம். மேலே இருக்கும் மண்ணையும் மக்கிய பாறையையும் எடுத்துப்போட்டுவிட்டு, நிலத்தடி நீருக்கு எவ்வளவு கிட்டே போக முடியுமோ அவ்வளவு கிட்டே போன இடம். பாறை என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதும் கெட்டி என்று நினைத்துவிடுகிறோமே தவிர, உடைத்த பாறை கெட்டியாக இருக்குமா என்று யாருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. நிறைய ஊர்களில் குவாரிப் பள்ளங்கள் குப்பைத் தொட்டியாக மாறுவதற்கு இந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

12 கோடி லிட்டர்

1956-லிருந்து 1972 வரை 16 வருடம் கொட்டினார்கள். மொத்தம் 3 கோடியே 40 லட்சம் கேலன் திரவக் கழிவு. லிட்டரில் சொன்னால் 12 கோடிக்கு மேல். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரி என்று வைத்துக்கொண்டால் 10,000 லாரிக்கும் அதிகம்! உலோகங்களுக்கு முலாம் பூசும் ஆலைகளின் கழிவு, உலோகத்தைச் சுத்தப்படுத்திய அமிலம், டி.டி.டி. பூச்சிமருந்து தயாரித்த கழிவு எல்லாம் அதில் அடக்கம்.

17 ஏக்கர் இடத்தில் வெறும் மண் குட்டைகள். அடியில் பிளாஸ்டிக் விரிப்போ களிமண் பூச்சோ கிடையாது. வெயில் அதிகமான ஊர், தண்ணீர் ஆவியாகிவிடும் என்பது கணக்கு. சீக்கிரம் ஆவியாகட்டும் என்று கழிவைக் காற்றில் தெளித்தும் பார்த்தார்கள்.

தண்ணீர் ஆவியாகும், சரி. கந்தக அமிலம் அந்த மாதிரி ஆவியாகுமா? காட்மியமும் குரோமியமும் நிக்கலும் ஆவியாகுமா? தண்ணீர் போகப் போக மீதி இருக்கும் கழிவு இன்னும் கெட்டியாகிக்கொண்டுதான் போகும். போதாக்குறைக்கு, அமிலம் பாறையையே அரித்து அதில் இருக்கும் உலோகங்களையும் கரைத்து எடுக்கும். ஆக, கொட்டிய விஷத்தோடு பாறையிலிருந்து கரைந்த உலோகமும் சேர்ந்து கீழே இறங்கியது.

டி.டி.டி. கழிவில் இன்னொரு சமாச்சாரம் உண்டு. டி.டி.டி. தயாரிக்கும்போது கந்தக அமிலமும் குளோரோபென்சீனும் சேர்ந்து பாரா-குளோரோபென்சீன் சல்ஃபோனிக் அமிலம் என்ற பொருள் உபரியாக உருவாகிறது. டி.டி.டி. தண்ணீரில் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். இந்த உபரிப் பொருள் நேர் எதிர். தண்ணீரில் நன்றாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். குவாரியிலிருந்து மாசு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க இதைத்தான் அடையாளமாக வைத்துத் தேடினார்கள். 'கீழே இறங்காது' என்று சொன்ன கழிவின் கால்தடம் நிலத்தடியில் சில மைல் தூரம் நீண்டு கிடந்தது.

நுரையில் விளையாடிய பிள்ளைகள்

1969-ல் பெருமழை. குட்டைகள் நிரம்பி, அணையைத் தாண்டிக் கழிவு வெளியே வந்தது. அப்போதே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. ஆனாலும் கொட்டுவது நிற்கவில்லை. நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்று தெரிந்த பிறகு 1972-ல்தான் இடத்தை மூடினார்கள். மூடினார்கள் என்றால் கேட்டைப் பூட்டினார்கள், அவ்வளவுதான். கழிவு குட்டையிலேயே கிடந்தது.

1978-ல் மறுபடியும் பெருமழை. இந்த முறை அணையே உடைந்துவிடும் போல் இருந்தது. அதிகாரிகள் ஒரு முடிவெடுத்தார்கள். அணை உடைந்து மொத்தமாகப் போவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவோம்! லட்சக்கணக்கான லிட்டர் கழிவுநீர் பைரைட் கால்வாயில் திறந்துவிடப்பட்டது. இதற்கு வைத்த பெயர் 'கட்டுப்படுத்தப்பட்ட வெளியேற்றம்'. பெயர் வைப்பதில் அரசாங்கங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அந்தக் கால்வாய் க்ளென் ஏவன் ஊர் வழியாக, ஆரம்பப் பள்ளிக்கூடத்தை ஒட்டிப் போகிறது. தெருவில் தேங்கிய மழைத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக நுரை. பிள்ளைகள் நுரையை அள்ளி முகத்தில் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டு விளையாடினார்கள். மேலே என்ன திறந்துவிடப்பட்டிருக்கிறது என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளின் அம்மாவான பென்னி நியூமன் பிற்காலத்தில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அவரும் அக்கம்பக்கத்து அம்மாக்களும் சேர்ந்து ஆரம்பித்த போராட்டம்தான் இந்தக் குவாரியை நாடு முழுக்கத் தெரியவைத்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 1955-ல் நடந்தது தவறான கணிப்பு. அதை அறியாமை என்று கூடச் சொல்லலாம். 1978-ல் நடந்தது அறியாமை அல்ல. கழிவில் என்ன இருக்கிறது என்று தெரியும், அது எந்த வழியாகப் போகும் என்று தெரியும், வழியில் பள்ளிக்கூடம் இருப்பதும் தெரியும். தெரிந்தும் ஊருக்குச் சொல்லவில்லை. ஏன்? சொன்னால் 1955-ன் கையெழுத்துக்கு அர்த்தம் என்ன என்று ஊர் கேட்கும். ஒரு தப்பான சான்றிதழ் கொடுத்த அரசு, அதற்குப் பிறகு அந்த இடத்தைப் பற்றி உண்மையைச் சொல்ல முடியாத நிலைமைக்குப் போய்விடுகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஆரம்பித்தால் பிறகு சோற்றைக் கூட்டிக்கொண்டேதான் போக வேண்டும்.

வாஷிங்டன் வரை போன நாற்றம்

1980 டிசம்பரில் அமெரிக்காவில் 'சூப்பர்ஃபண்ட்' சட்டம் வந்தது. நியூயார்க் மாநிலத்தின் லவ் கனால் பகுதியில் புதைத்த ரசாயனக் கழிவின் மேல் ஒரு குடியிருப்பே எழும்பி, பிறகு ஜனங்களைக் காலி செய்ய வைத்த விவகாரம் இதற்கு முக்கியக் காரணம். மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும், அவன் கிடைக்காவிட்டால் ரசாயன, பெட்ரோலிய நிறுவனங்களிடம் வசூலித்த வரிப் பணத்திலிருந்து சுத்தம் செய்ய வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. 1983-ல் ஸ்ட்ரிங்ஃபெலோ இந்தச் சட்டத்தின் தேசிய முன்னுரிமைப் பட்டியலில் ஏறியது.

நல்ல சட்டம்தான். ஆனால் அதைச் செயல்படுத்த யாரை உட்கார வைத்தார்கள் என்பது வேடிக்கை. அப்போது சூப்பர்ஃபண்ட் பிரிவின் தலைவராக இருந்தவர் ரீட்டா லாவெல். அவர் அதற்கு முன் வேலை பார்த்தது ஏரோஜெட் ஜெனரல் என்ற நிறுவனத்தில். அந்த நிறுவனமும் ஸ்ட்ரிங்ஃபெலோவில் கழிவு கொட்டிய நிறுவனங்களில் ஒன்று! அது தனக்கு எப்போது தெரியும் என்ற கேள்விக்கு அமெரிக்கக் காங்கிரஸ் முன்னால் பொய் சொன்னதாக 1983 டிசம்பரில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஆறு மாதச் சிறைத் தண்டனை. அதற்கு முன்பே, அந்த வருடம் பிப்ரவரியில் ஜனாதிபதி ரீகன் அவரைப் பதவியிலிருந்து நீக்கியிருந்தார். அடுத்த மாதமே சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைவர் ஆன் பர்ஃபோர்டும் ராஜினாமா செய்தார். 1982 செனட் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளருக்கு நல்ல பெயர் கிடைத்துவிடக் கூடாது என்று ஸ்ட்ரிங்ஃபெலோ சுத்திகரிப்புப் பணத்தை நிறுத்திவைத்தார் என்பது அவர் மீது வந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று.

வேலியே பயிரை மேய்ந்த கதை. ஆனால் இதைப் படித்துவிட்டு "எல்லா அரசியல்வாதிகளும் இப்படித்தான்" என்று பெருமூச்சு விட்டுப் போவதில் பிரயோஜனம் இல்லை. லாவெல் வருவதற்கு சுமார் 26 வருடம் முன்பே குவாரியில் கழிவு விழ ஆரம்பித்துவிட்டது. பிரச்சினையின் வேர் ஊழலில் இல்லை. யாரும் லஞ்சம் வாங்காமலே போட்ட அந்த முதல் கையெழுத்தில் இருக்கிறது.

'சுத்தம் செய்தாகிவிட்டது' என்று எப்போது சொல்வது?

சுத்திகரிப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் வீடு பெருக்குவது மாதிரி ஒரு நினைப்பு வருகிறது. ஒரு நாள் ஆரம்பிக்கும், ஒரு நாள் முடியும். ஸ்ட்ரிங்ஃபெலோவில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும்.

1975-லிருந்து 1980 வரை சுமார் 65 லட்சம் கேலன் திரவக் கழிவையும் டி.டி.டி. கலந்த மண்ணையும் எடுத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். கொட்டியது 3 கோடியே 40 லட்சம் கேலன். எடுத்ததை அதோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமிருந்த அமிலத்தின் வீரியத்தைக் குறைக்க சூளைத் தூசியைக் கலந்தார்கள். மேலே களிமண் போட்டு மூடினார்கள், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க. கீழ்ப்பக்கம் புதிதாகக் களிமண் தடுப்பு.

பாறை விரிசலுக்குள் போனதை என்ன செய்வது? தோண்ட முடியாது. ஒரே வழி, கிணறு வெட்டி, மாசுபட்ட தண்ணீரை மேலே இறைப்பது. 1985-ல் அங்கேயே ஒரு சுத்திகரிப்பு ஆலை வந்தது. இறைத்த தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் அமிலத்தன்மை குறையும், உலோகங்கள் வண்டலாகக் கீழே படியும். பிறகு கரி வடிகட்டி வழியாக விட்டால் கரிம ரசாயனங்கள் கரியில் ஒட்டிக்கொள்ளும். அப்படியும் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. தனிக் குழாய் வழியாக ஆரஞ்ச் மாவட்டத்தின் கழிவுநீர் நிலையத்துக்குப் போகும். 2010-களில் பழைய ஆலை தேய்ந்துபோய்ப் புதிதாக வேறு கட்ட வேண்டியதாயிற்று. கழிவு கொட்டிய காலம் 16 வருடம். இறைக்க ஆரம்பித்து 40 வருடம் ஆகிறது, இன்னும் முடியவில்லை.

கிணற்றுத் தண்ணீரை நம்பியிருந்த வீடுகளுக்கு முதலில் பாட்டில் தண்ணீர், பிறகு குழாய் இணைப்பு. சரி, ஒரு வழியாக முடிந்தது என்று நினைத்தபோது, 2001-ல் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் இருப்பது தெரியவந்தது. தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போவதைத் தடுக்கும் ரசாயனம் அது. இத்தனை வருடம் சோதித்தார்களே, முன்பே ஏன் தெரியவில்லை? சோதனையில் எதைத் தேடுகிறோமோ அதுதான் கிடைக்கும். தேடும் பட்டியலில் பெயர் இல்லாத விஷம் அகப்படுவதில்லை.

எல்லாவற்றையும் தோண்டி எடுத்தால் என்ன என்று கேட்கலாம். சுவிட்சர்லாந்தில் அப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். கொலிக்கன் என்ற ஊரில் பழைய களிமண் குவாரி ஒன்றில் 1978-லிருந்து 1985 வரை அபாயகரமான கழிவைக் கொட்டினார்கள். அதை நடத்தியது ஏதோ தனியார் கம்பெனி மட்டும் அல்ல. ஆர்காவ், சூரிச் மாகாண அரசுகளும் சூரிச் நகரமும் அதில் பங்குதாரர்கள், பாசல் நகர ரசாயன நிறுவனங்களோடு சேர்ந்து. நாற்றமும் கசிவும் தாங்காமல் 1985-ல் ஊர் நிர்வாகமே தலையிட்டு மூடவைத்தது. பிறகு குவாரியின் மேல் பிரம்மாண்டமான கூடாரம் போல ஒரு கட்டடம் எழுப்பி, உள்ளே காற்று வெளியே போகாமல் அடைத்து, 2007-லிருந்து 2015 வரை 6 லட்சம் டன்னுக்கு மேல் கழிவைத் தோண்டி எடுத்தார்கள். மொத்தச் செலவு சுமார் 90 கோடி பிராங்க். ஏழு வருடம் கொட்டியதற்கு இந்தத் தண்டம். பணக்கார நாடு, செய்தார்கள். அங்கே கழிவு பெரும்பாலும் பள்ளத்திலேயே இருந்ததால் அதுவும் முடிந்தது. திரவமாகக் கொட்டி, பாறைக்குள் ஓடிப்போன ஸ்ட்ரிங்ஃபெலோவில் அந்த வழியும் அடைபட்டுவிட்டது.

இரண்டு இடத்துக்கும் பொதுவான விஷயம் ஒன்று. இரண்டிலும் அரசாங்கத்தின் கை உள்ளே இருந்தது.

ஜாமீன் போட்டவன் கதை

ஸ்ட்ரிங்ஃபெலோவில் கழிவு கொட்டிய நிறுவனங்கள் மீதும் உரிமையாளர்கள் மீதும் 1983-ல் வழக்குப் போட்டார்கள். ஊர் ஜனங்களும் ஆயிரக்கணக்கில் தனியாக வழக்குத் தொடர்ந்தார்கள். நிறுவனங்கள் பலவும் கோடிக்கணக்கான டாலர் கொடுத்து ஜனங்களோடு சமரசம் செய்துகொண்டன. ஆனால் சுத்திகரிப்புச் செலவு யாருடையது என்ற கேள்வி மட்டும் வருடக்கணக்கில் இழுத்தது.

நிறுவனங்கள் திருப்பிக் கேட்ட கேள்வி எளிமையானது. இடத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? பாறை கெட்டி என்று சொன்னது யார்? அணைக்குத் திட்டம் போட்டது யார்?

1998-ல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இடத்தை ஆராய்ந்ததில் அலட்சியம், தேர்ந்தெடுத்ததில் அலட்சியம், வடிவமைத்ததில் அலட்சியம், குறை தெரிந்த பிறகும் சரி செய்யாதது, சுத்திகரிப்பைத் தாமதப்படுத்தியது. ஆகவே இதுவரை ஆன செலவு, இனி ஆகப்போகும் செலவு, அத்தனைக்கும் 100 சதவீதம் கலிபோர்னியா மாநிலமே பொறுப்பு! அந்தச் செலவு 70 கோடி டாலர் வரை போகலாம் என்று மாநில அரசே சொன்னது. அந்தப் பணத்துக்காக, 1960-70களில் எடுத்த பாலிசிகளைத் தேடியெடுத்து, மாநில அரசு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. அது மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2012-ல் மாநிலத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

சொந்தக்காரன் கடன் வாங்குகிறான் என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு, கடைசியில் வட்டியும் முதலும் சேர்த்துக் கட்டி நொந்துபோனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கையெழுத்துப் போடும்போது அது வெறும் மையாகத்தான் தெரியும். காசு கையைவிட்டுப் போகவில்லையே என்று தோன்றும். மாசு அனுமதிச் சான்றிதழும் அப்படிப்பட்ட ஜாமீன்தான். 'ஆபத்து இல்லை' என்று அரசு எழுதிக் கொடுக்கும்போது, ஆபத்து வந்தால் அந்தப் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. தன் தலையில் என்றால் அதிகாரியின் தலையில் இல்லை, வரி கட்டும் ஜனங்களின் தலையில். க்ளென் ஏவன்காரர்கள் கிணற்றையும் இழந்தார்கள், நிம்மதியையும் இழந்தார்கள், கடைசியில் வரி மூலமாகச் செலவிலும் பங்கு கொடுத்தார்கள்.

அவசரமாகக் கொடுக்கும் அனுமதியால் ஜனங்களுக்கு ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு போவதில்லை. அது மாசுபடுத்தியவனுக்குக் கேடயமாகவும் ஆகிவிடுகிறது. "நீ காட்டிய இடத்தில்தானே கொட்டினேன்" என்ற ஒரு வாக்கியம் போதும், அவன் நழுவிவிடுவான். தொழில் வளர உதவி என்று சொல்லி அனுமதியை எளிதாக்கும் எந்த அரசும் உண்மையில் தொழிலுக்கு மானியம் கொடுக்கவில்லை. தேதி போடாத காசோலை கொடுக்கிறது.

சில எதிர்க் கேள்விகள்

அந்தக் காலத்தில் அறிவியல் அவ்வளவுதான், 1955-ல் உட்கார்ந்திருந்தவரை இன்றைய அறிவை வைத்துத் திட்டலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 1969-ல் கழிவு வெளியே வந்ததைப் பார்க்க இன்றைய அறிவு தேவையில்லை, கண் இருந்தால் போதும். நீதிமன்றமும் 1955-ஐ மட்டும் தண்டிக்கவில்லை, அதற்குப் பிறகு கைகட்டி நின்ற வருடங்களையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டது.

கையெழுத்துப் போடுபவனைப் பொறுப்பாக்கினால் எந்த அதிகாரியும் எதற்கும் கையெழுத்துப் போட மாட்டான், பிறகு கழிவு ஆற்றில்தான் கலக்கும் என்பது இன்னொரு வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஆலைகள் இருக்கும்வரை கழிவும் இருக்கும், அதற்கு ஓர் இடமும் வேண்டும். 1950-களில் குவாரியைத் தேடிப் போனதே, கழிவு வேறு எங்கும் போய் ஊர்த் தண்ணீரைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் இந்த வாதம் கையெழுத்து எவ்வளவு எளிது என்பதை மட்டுமே பேசுகிறது, எவ்வளவு விலை என்பதைப் பேசவில்லை. 40 வருட இறைப்புச் செலவையும் சேர்த்து ஒரு கேலனுக்கு இவ்வளவு என்று 1956-லேயே வசூலித்திருந்தால், நிறுவனங்கள் தங்கள் ஆலையிலேயே சுண்ணாம்பு போட்டு அமிலத்தைச் சமன் செய்திருக்கும். குவாரி மலிவாகத் தெரிந்ததற்குக் காரணம், பில்லில் பாதியை எழுதாமல் விட்டதுதான்.

இப்போது சட்டம் மாறிவிட்டதே என்றும் சொல்லலாம். உண்மைதான். 1984-ல் வந்த திருத்தங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் அபாயகரக் கழிவுக் கிடங்குகளுக்கு இரட்டை விரிப்பும் கசிவு சேகரிப்பும் கட்டாயம். திரவத்தைக் கொட்டுவதற்கே தடை. மூடிய பிறகு பராமரிக்கப் பொதுவாக 30 வருடக் காலமும், அதற்கான பண உத்தரவாதமும் கேட்கிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஸ்ட்ரிங்ஃபெலோ மூடியது 1972. 30 வருடம் என்றால் 2002. அதற்கு முந்தைய வருடம்தான் பெர்குளோரேட்டே கண்ணில் பட்டது! மண்ணுக்கும் தண்ணீருக்கும் சட்டப் புத்தகத்தின் காலக்கெடு தெரியாது. சூப்பர்ஃபண்டுக்குப் பணம் கொடுத்த அந்த வரிகூட 1995-ல் காலாவதியாகி, ரசாயனங்கள் மீது 2022-லும் பெட்ரோலியத்தின் மீது 2023-லும்தான் மறுபடி அமலுக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் 'மாசுபடுத்தியவனே கட்டணும்' என்ற கொள்கையைப் பெருமளவு பொது வரிப் பணம்தான் சுமந்தது.

கேட்க வேண்டிய கேள்வி

ஒரு பள்ளத்தில் கழிவு கொட்ட அனுமதி கேட்டு விண்ணப்பம் வரும்போது, "இது பாதுகாப்பானதா?" என்று கேட்கிறார்கள். அதற்கு எப்போதும் ஒரு நிபுணர் ஆமாம் என்பார். கேட்க வேண்டியது வேறு. தப்பாகப் போனால் யார் கட்டுவது? எத்தனை வருடத்துக்கு? அந்தப் பணம் இன்று எந்தக் கணக்கில் இருக்கிறது? முதல் கசிவு தெரிந்த அன்றே ஊருக்குச் சொல்லும் கடமை யாருக்கு? இந்த நாலு கேள்விக்கும் எழுத்தில் பதில் இல்லாமல் போடும் கையெழுத்து, அடுத்தவன் வீட்டுப் பத்திரத்தை வைத்துப் போடும் ஜாமீன்.

பைரைட் கேன்யனில் இன்றும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1978-ல் நுரையில் தாடி வைத்து விளையாடிய பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வரி கட்டும் வயதுக்கு வரும்போதும் அந்த ஆலை ஓடிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. 1955-ல் போட்ட அந்தக் கையெழுத்துக்கு அதிகபட்சம் ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.